நாலாவது ப்ளக்

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டுப் பிளம்பர் தன் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக உள்ளே பார்த்தபடி நின்றார். ஒன்றையும் தொடவில்லை. என் தையல் மெஷின் மாடி ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. கீழே முற்றத்தில் யார் தும்மினாலும் எனக்குத் தெரிந்துவிடும். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கிறவள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஜன்னலை அங்கே வைத்தவன் வீட்டுக்காரன், நான் இல்லை.

மூன்று நாளாக விட்டுவிட்டுத் தூறல். முற்றத்துச் சுவருக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் அடியில் காரின் மூக்கை மட்டும் நுழைத்து நிறுத்தியிருந்தார். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தொப்பை போட்டுத் தொங்கியது. அவர் நின்ற இடத்தில் பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் மூன்று பேர். அவர் குழாய் வேலை செய்கிறவர், நல்ல வேலைக்காரர், வாய் குறைவு. அவர் மனைவி கார் உதிரிபாகம் விற்கிற கடையில் பதினோரு வருஷமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறாள். தெருவில் ஸ்பேர்ஸம்மா என்றால்தான் அவளைத் தெரியும். மூன்றாவது ஆள் அவர்கள் பெண். அவளுக்கு டார்ச்சு என்று பெயர் விழுந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஏழு வயதில் அப்பாவோடு வேலைக்குப் போய், சிங்குக்கு அடியில் அவர் மல்லாந்து கிடக்க, பக்கத்தில் குந்தி டார்ச் பிடிக்க ஆரம்பித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு ஓடுவாள். அவர் வேலை நேரத்தில் பேசுகிற ஒரே பேச்சு, "கண்ணு எங்க வேணா இருக்கட்டும், வெளிச்சம் கை மேல இருக்கணும்" என்பதுதான். அதை இந்தப் பெண் வீட்டில் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

போன வருஷம் அவள் கேட்டாள், "நானும் உன்கூட வர்றேன்ப்பா, டார்ச் பிடிக்க இல்ல, வேலை பாக்க" என்று. அவர் விடவில்லை. பொம்பளைப் பிள்ளை அடுத்தவன் வீட்டுக் கக்கூஸில் மண்டி போடுவதா என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு வீட்டில் குளியலறையைச் சரிசெய்த பழக்கத்தில், அந்த வீட்டுக்காரர் நடத்துகிற பட்டறையில் அவளைச் சேர்த்துவிட்டார். பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற பட்டறை. உட்கார்ந்து செய்கிற வேலை, கையில் அழுக்கு ஒட்டாது என்று தெரு முழுக்கச் சொன்னார். என்னிடமும் சொன்னார். நல்ல காரியம் செய்தாய் தம்பி என்று நானும் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இருபத்தாறு நாளுக்கு முன்னால் அந்தப் பட்டறையில் மூடி அடிக்கிற மெஷின் அவள் வலது கையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

அந்த வீட்டில் அன்றைக்கும் சத்தம் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. நான் பயந்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். யாராவது ஒருத்தர் வாய்விட்டு அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்பேர்ஸம்மா கடைக்குப் போனாள், வந்தாள். அவர் குழாய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார், வந்தார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருவரும் காரில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே அவள் மட்டும் மேலே போவாள். அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு நாளும் அப்படித்தான். மகளின் கட்டுப் போட்ட கையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பெண் போன் பண்ணினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பிவிடுகிறார்களாம். ஸ்பேர்ஸம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணின் சட்டைகளைப் பட்டன் மாற்ற வாங்கப் போன நானும் கேட்டேன்.

"அப்பா நம்ம வண்டியில வந்து, மூணாவது மாடிக்கு ஏறி வந்து, என்னைக் கூட்டிட்டுப் போனா வீட்டுக்கு வர்றேன். கீழயே உக்காந்திருந்தாருன்னா நான் சித்தி வீட்டுக்குப் போயிடறேன். சித்திகிட்ட பேசிட்டேன். அவகூடவே இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்க வேண்டும். எழுந்து வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்துவிட்டது. குலுக்கிக் குலுக்கி வந்து சேர்ந்தது. மெக்கானிக் வெளியூர் போயிருக்கிறான், வர புதன்கிழமை ஆகும். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற ப்ளக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஸ்பேர்ஸம்மா சொன்னாள். கடைச் சாவி அவளிடம் இருக்கிறது. விடிந்ததும் போய் நாலு ப்ளக்கும், அதைக் கழற்றுகிற நீளக் குழல் ஸ்பேனரும் எடுத்து வந்தாள். அந்த வண்டிக்கு எந்த நம்பர் ப்ளக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அது இன்ஜினில் எங்கே போய் உட்காருகிறது என்று மட்டும் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா," என்று கீழேயிருந்து அவர் கூப்பிட்டார். தலையைத் தூக்காமலே கூப்பிட்டார். நான் ஜன்னலில் இருக்கிறேன் என்பது அவருக்கு எப்போதும் தெரியும் போலிருக்கிறது. "கொஞ்சம் டார்ச் பிடிக்கணும். வர முடியுமா?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு இறங்கினேன். மகள் பிடிக்கிற டார்ச்சையே என் கையில் கொடுத்தார். பிடியில் சுற்றியிருந்த ரப்பர், விரல் பட்ட இடத்தில் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"எங்க காட்டணும்?"

"இங்க. இந்தக் குழிக்குள்ள. நேரா பிடிங்க."

"நேராத்தானே தம்பி பிடிச்சிருக்கேன்."

"என் மூஞ்சில அடிக்குது."

"உன் மூஞ்சி அங்க வந்தா நான் என்ன பண்றது?"

வேறு நாளாக இருந்தால் லேசாகச் சிரித்திருப்பார். வரிசையாக நாலு குழி. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வயர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தது. வயர் இடம் மாறிவிடக் கூடாது என்று கடையில் யாரோ பேசியதை ஸ்பேர்ஸம்மா சமையலறையிலிருந்து கத்திச் சொன்னாள். நான் ஜாக்கெட்டுக்கு அளவு குறிக்கிற சாக்குக்கட்டியை இடுப்பிலிருந்து எடுத்து, முதல் வயரில் ஒரு கோடு, இரண்டாவதில் இரண்டு என்று போட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை. ஏதோ வண்டியையே நான் செய்த மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

பழைய ப்ளக்குகள் நாலும் கழன்று வந்தன. நுனி தேய்ந்து, கரி படிந்து, ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருந்தது. ஸ்பேர்ஸம்மா வந்து அவற்றைப் புதுசு இருந்த அட்டைப் பெட்டிகளிலேயே போட்டு மூடி வரிசையாக வைத்தாள். எதையும் தூக்கிப் போட மாட்டாள், கடைப் பழக்கம். பிறகு முட்டை வேக வைக்க உள்ளே போய்விட்டாள்.

அவர் புது ப்ளக்கை எடுத்து மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளை டேப் சுருளை எடுத்தார். குழாய் இணைப்பில் சுற்றுவார்களே, தண்ணீர் கசியாமல் இருக்க, அதே டேப். மரை ஏறுகிற திசை பார்த்து, இழுத்துப் பிடித்து, ஐந்து சுற்று. கடைசியில் வாசருக்கு அடியிலும் ஒரு சுற்று கொடுத்து, நகத்தால் கிள்ளி, விரலால் நீவிவிட்டார். நானும் துணியில் பைப்பிங் வைக்கிறவள். இவ்வளவு சுத்தமாக ஒருத்தர் சுற்றிப் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேனே ஒழிய, இதற்கு எதற்கு டேப் என்று எனக்கும் தோன்றவில்லை. தொழில் தெரிந்த கை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலையும் அப்படியே சுற்றி ஏற்றினார். ஒவ்வொன்றையும் கையால் திருகி, பிறகு ஸ்பேனரைப் போட்டு, கால் ஊன்றி இழுத்தார். நாலாவது ஓரத்தில், ஏர் ஃபில்டர் பைப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் நேராக உட்காரவில்லை. சாய்த்து வைத்தே ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன தம்பி அது?"

"உக்காந்துடுச்சு," என்றார்.

ஸ்டார்ட் பண்ணினார். வண்டி நேற்று குலுங்கியது ஒன்றுமில்லை. தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் என் முதுகில் கொட்டுகிற அளவுக்கு முற்றமே ஆடியது. ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. மறுபடி பண்ணினார். மறுபடி இருமியது. நான் புடவையைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

ஸ்பேர்ஸம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"தெரியல."

"ஒண்ணக் கழட்டிக் காட்டுங்க."

முதல் ப்ளக்கைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். டேப் கசங்கி மரையில் ஒட்டியிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"டேப்பு."

"டேப்புன்னு தெரியுது. எதுக்கு?"

"லீக் ஆகக் கூடாதுல்ல."

"பதினோரு வருஷமா ப்ளக்கு விக்கிறேன். ஒருத்தன் கூட இதோட டேப் கேட்டதில்லைங்க. அது தண்ணி இல்ல, கரண்ட்டு. இரும்பு இரும்பத் தொட்டாத்தான் பொறி வரும். நீங்க துணி சுத்தின மாதிரி சுத்தி வச்சிருக்கீங்க."

அவர் ப்ளக்கைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக மரை என்று ஒன்றைக் கண்டால் டேப்பை எடுக்கிற கை அது.

ஸ்பேர்ஸம்மா கரண்டியைக் காரின் மேலே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு வண்டி ஓடக் கூடாதுன்னு வேணும்னே பண்ணீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், இல்லை, கோபப்பட்டு ஸ்பேனரை எறிவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"தெரியல," என்றார். "வேணும்னு பண்ணேனான்னு எனக்கே தெரியல."

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றேன்.

டேப்பைப் பிய்த்து, மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று ப்ளக்கைத் திரும்ப மாட்டினார். நாலாவது வரவில்லை. குழாயை இறுக்குகிற மாதிரி இறுக்கியிருந்தார். ஸ்பேனர் வழுக்கியது. அவர் முழு பலத்தையும் கொடுக்கப் போனபோது, சமையலறையிலிருந்து அவள் சொன்னாள், "ஸ்பேனர் வழுக்குது. இப்ப இழுத்தா மரையே பிடுங்கிட்டு வரும். அப்புறம் ஹெட்டே போயிடும்." நாலாவதை அப்படியே விட்டுவிட்டார். ஸ்டார்ட் பண்ணியபோது வண்டி குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"மூணு ஓடுது," என்றார். "போதும்."

மத்தியானம் ஸ்பேர்ஸம்மா ரெண்டு முட்டையும் ரொட்டியும் தட்டில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். என் மேஜையில் அவள் பெண்ணின் சட்டைகள் பதினொன்று கிடந்தன. பட்டனைப் பிரித்துவிட்டு, ஒரு கையாலேயே அமுக்கிப் போடுகிற டிச் பட்டன் வைத்துத் தரச் சொல்லியிருந்தாள். ஒன்பது முடிந்திருந்தது. பிரித்த பட்டன்கள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினாள்.

"டாக்டர் கட்டு மாத்தும்போது பாத்தேங்கா," என்றாள். "நல்லாத்தான் ஆறிட்டு வருது. எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகை வரணும்ல? வரல. இப்பல்லாம் கடையில எவன் காசு குடுத்தாலும் அவன் கையில அஞ்சு விரல் இருக்கான்னு பாக்கறேன். பஸ்ல கம்பியப் பிடிச்சிருக்கற கையெல்லாம் எண்றேன். எதுக்கு எண்றேன்னு தெரியல."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்னு நினைக்கிறேன்."

தட்டில் இருந்த ஒரு முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையாக வாங்கித் தின்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"அவர் போவாரா நாளைக்கு?" என்று கேட்டேன்.

"வண்டி போகும்," என்றாள். "அவர் மாடி ஏறுவாரான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஏறலன்னா பொண்ணு வர மாட்டா. அவ சொன்னாச் செய்வா. அவர மாதிரியே."

திங்கட்கிழமை எட்டரைக்கே கிளம்பினார்கள். வண்டி குலுங்கிக்கொண்டே தெருமுனை திரும்பியதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு ஒரு தையலும் ஓடவில்லை. ஒரு பள்ளிச் சீருடைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, திரும்பப் பிரித்தேன். பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. சித்தி வீட்டுக்கே போய்விட்டாள் என்று நானே முடிவு கட்டி, மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில், தெருவில் அந்தக் குலுக்கல் சத்தம் கேட்டது. உள்ளே எத்தனை தலை என்று எண்ணினேன். மூன்று.

டார்ச்சு தானாகவே இடது கையால் கதவைத் திறந்து இறங்கினாள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரை வெள்ளைக் கட்டு. இளைத்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மாடியம்மா, ஜன்னல்லதான் இருக்கீங்களா?" என்றாள். வேறு எங்கே இருப்பேன் என்றேன்.

பையை உள்ளே எடுத்துப் போகவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பா காரிலிருந்து இறங்கி, பானெட்டைத் தூக்கி விட்டு, அங்கேயே நின்றார். வீட்டுக்குள் போகவில்லை.

நான் முடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்பேர்ஸம்மா துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் என்னை இழுத்துப் போனாள்.

"ஏறினாரா?"

"ஏறினாரு. லிஃப்ட் இருக்கு, வேணாம்னுட்டு படியில ஏறினாரு. ஒவ்வொரு மாடியிலயும் நின்னாரு. கதவுகிட்ட வந்ததும் பொண்ணு கட்டில்ல உக்காந்து பாத்துட்டிருக்கா. இவர் அவ பக்கமே போகல. மூலையில கை கழுவற தொட்டி, குழாய் சொட்டிட்டிருந்துது. நேரா அங்க போனாரு. பாக்கெட்ல எப்பவும் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும்ல, அத எடுத்துக் கழட்டி, வாசரத் திருப்பிப் போட்டு, மூடி, சொட்டுதான்னு பாத்துட்டு நின்னாரு. நர்ஸு யாருங்க நீங்க, ஆபீஸ்ல அனுப்பினாங்களான்னு கேக்கறா. ஆமாங்கறாரு."

"அடப்பாவி."

"பொண்ணு எழுந்து பையை எடுத்துக்கிட்டா. போலாம்மா, அப்பா மேல வந்துட்டாருன்னா. அவ்ளோதான். வர்ற வழியெல்லாம் கண்ணாடியில பின்னாடி பாக்கக் கூட மாட்டேங்கறாரு. சிக்னல்ல பொண்ணு கேட்டா, ஏன் வண்டி இப்படி ஆடுதுன்னு. நான்தான் ஒரு ப்ளக்கு சரியில்லன்னு சொன்னேன். ஒரு வாரம் இருந்து பாக்கறேன்மா, இப்படியே இருந்தாருன்னா சித்தி வீட்டுக்குப் போயிடறேன்னு சொல்லிட்டா. அதான் பையப் பிரிக்கல."

சட்டைகளை டார்ச்சிடம் கொடுத்தேன். ஒரு டிச் பட்டனை அமுக்கிப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு மாடியம்மா. எத்தனை மாத்தினீங்க?"

"ஒன்பது. ரெண்டு பாக்கி."

"அந்த ரெண்டையும் விட்டுடுங்க. பட்டன் போட வருதான்னு பாக்கறேன்."

ப்ளக்கைச் சூட்டோடு கழற்ற முடியாது, இன்ஜின் ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். நான் நாலாவது ஆளாக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், போக மனசில்லை. மறுபடி தூற ஆரம்பித்தது. தார்ப்பாயின் அடியில் இருட்டு கூடியது. அவர் ஸ்பேனரை எடுத்தார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். அது நிற்கவில்லை, நழுவி இன்ஜினுக்கு அடியில் விழுந்தது. என்னைக் கூப்பிடுவார் என்று நான் எழுந்திருக்கப் போனேன்.

அதற்குள் டார்ச்சு வெளியே வந்திருந்தாள். குனிந்து, இடது கையை உள்ளே விட்டு, டார்ச்சை எடுத்தாள். அவர் பக்கத்தில் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றாள்.

"எது?" என்றாள்.

"நாலாவது."

வெளிச்சம் நேராகக் குழிக்குள் போய் நின்றது. என்னைப் போல அங்கே இங்கே அலையவில்லை. அவர் ஸ்பேனரைப் போட்டார். ஏர் ஃபில்டர் பைப் குறுக்கே நின்றது. அவள் கட்டுப் போட்ட கையை மடக்கி, முழங்கைப் பக்கத்தால் பைப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் அதைப் பார்க்காமல் இருக்க, ஸ்பேனரையே பார்த்து இழுத்தார். முதல் இழுப்பில் நகரவில்லை. இரண்டாவதில் கிர்ரென்று ஒரு சத்தம். மரை போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். போகவில்லை, கழன்று வந்தது.

ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. நேற்று டிக் என்று கேட்டது இதுதான். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மரையில் ஐந்து சுற்று டேப்.

"டேப்பு சுத்தினியாப்பா?"

"ம்."

"நாலுக்குமா?"

"ம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். ஸ்பேர்ஸம்மா வாசலில் நின்று, "வேற புதுசு இல்ல. கடைக்குப் போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

"பழசு எங்கம்மா?"

"பெட்டியில இருக்கு."

"அதையே போடலாம். முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சுல்ல."

பழைய நாலாவது ப்ளக் வந்தது. அவர் அதன் கரியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, குழியைப் பார்த்தபடி, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "நாளைக்கு ஒரு வீட்டுல சிங்க் அடைப்பு. டார்ச் பிடிக்க ஆள் இல்ல."

"டார்ச் பிடிக்க மட்டும்னா வரலப்பா," என்றாள் அவள்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. பளபளப்பாகிற வரைக்கும் துடைத்தார். இப்போது இவர் வாயைத் திறந்து பழைய கக்கூஸ் பேச்சைப் பேசினால், இறங்கிப் போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவர் ப்ளக்கை அவள் பக்கம் நீட்டினார். அவள் இடது கையில் டார்ச் இருந்தது. ஒரு கணம் இருவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு ப்ளக்கைக் கொடுத்தார்.

அவள் குனிந்து, வலது கட்டால் பைப்பை ஒதுக்கிக்கொண்டு, இடது கை விரலால் ப்ளக்கைக் குழிக்குள் இறக்கித் திருகினாள். முதலில் மரை பிடிக்கவில்லை. எடுத்தாள், மறுபடி இறக்கினாள். இந்த முறை கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைக் கொண்டுபோய் ப்ளக்கின் தலையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் குழியில் இல்லை. தார்ப்பாயில் ஆடியது, சுவருக்குப் போனது, அவர் காலடியில் விழுந்தது. அவர் அவள் கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நேரா பிடிப்பா," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "கண்ணு எங்க வேணா இருக்கட்டும். வெளிச்சம் கை மேல இருக்கணும்."

அவர் வெளிச்சத்தைக் கீழே கொண்டுவந்தார். அது அவள் கைகள் மேல் வந்து நின்றது, இடது கை மேலும், கட்டுப் போட்ட கை மேலும். வெளிச்சம் இருக்கிற இடத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தை அங்கே வைத்திருக்க முடியாது. அவர் பார்த்தார்.

"எவ்ளோம்மா டைட்?"

"புதுசுன்னா அரைச் சுத்து," என்றாள் ஸ்பேர்ஸம்மா வாசலிலிருந்து. "பழசுக்கு அவ்ளோ வேணாம். ஒரு சின்ன இழுப்பு."

அவள் ஸ்பேனரைப் போட்டு இடது கையால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அவர். பழக்கம்.

"போதும்ப்பா. இது குழாய் இல்ல."

வயரைச் சொருகினாள். நான் போட்ட நாலு சாக்குக்கட்டிக் கோடு மேல் பக்கமாக வந்தது. ஸ்பேர்ஸம்மா காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் ஓடியது. வேலை முடிந்துவிட்டது. அவர் டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் அவள் கை மேலேயே இருந்தது. அவளும் கையை எடுக்கவில்லை.